கூட்டத்துக்குப் பெயர் உண்டு

எழுத்தாளர் சண்முகவேல் அண்ணாச்சி இறந்துபோன செய்தி வந்தபோது நான் சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் திருவேங்கடம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர் போனில் கூப்பிட்டார். "டீச்சர், அண்ணாச்சி காலைல தவறிட்டாரு. நினைவு மலர் ஒண்ணு போடுதோம். அவரு நாவலைப் பத்தி நீங்கதான் எழுதணும். படிக்கவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும்" என்றார். எனக்கு வரவில்லை. பஸ் வந்தது, ஏறினேன், ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தச் சந்தோஷம்தான் அப்போது பெரிதாக இருந்தது.

செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அதைத்தான் நீங்கள் எல்லோரும் இரங்கல் கூட்டத்தில் சொல்லி முடித்துவிட்டீர்களே. கலவரத்தை அவரைப் போல எழுத இனி ஆளில்லை என்று ஏழு பேர் பேசினீர்கள். அந்த நாவலில் எரிகிற பஸ்ஸுக்குள் நிஜமாகவே உட்கார்ந்திருந்தவள் நான். இரங்கல் கூட்டத்தில் பதினைந்தாம் வரிசையில் இருந்தேன். என்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை.

நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொடிக்கம்பம் நடுவதில் எங்கள் ஊரில் இரண்டு தெருவுக்குள் தகராறு. நானும் என் தம்பி ஜெபராஜும் டவுனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ்ஸை மறித்தார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். நான் பயந்துபோய் சீட்டுக்கடியில் குனிந்துவிட்டேன், கால்களைத்தான் பார்த்தேன். "டீச்சர், கண்ணாடிப் பக்கம் இருக்காதீங்க, எறங்கிருங்க" என்று ஒரு குரல் கேட்டது. கல்லெறிய வந்த இடத்திலும் எனக்கு மரியாதை குறையவில்லை. எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். ஒரு அம்மாளின் தக்காளிக் கூடையைக் கூட்டத்தில் ஒருவனே தூக்கிக் கீழே வைத்தான். ஜெபராஜ் ஒரு கைப்பிள்ளைக்காரியின் பையை வாங்கிக்கொண்டு, அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு கருவேலங்காட்டு வழியாக நடந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸைக் கொளுத்த வந்தவர்கள் தீப்பெட்டி இல்லாமல் ஒருவர் சட்டைப்பையை ஒருவர் தடவிக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒருவன் விலக்கிலிருந்த டீக்கடைக்கு ஓடினான். தீப்பெட்டியோடு திரும்பி வந்தான்.

செய்தவர்கள் அன்றைக்கே சிவகிரி, ராஜபாளையம் என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தபோது ஊரில் இருந்தவர்கள் ஒன்றும் செய்யாதவர்கள்தான். முதல் தகவல் அறிக்கையில் நாலு பெயரை எழுதி, "மற்றும் பெயர் தெரியாத பலர்" என்று முடித்திருந்தார்கள். அந்தப் பலரில் ஒருவனாக, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெபராஜை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தேறி, உத்தரவுக்காகக் காத்திருந்த பையன் அவன். பஸ்ஸில் என்னோடுதான் இருந்தான் என்று நான் சொன்னேன். அக்கா வேறு எப்படிச் சொல்லுவாள் என்று சிரித்தார்கள். கைப்பிள்ளைக்காரி எந்த ஊர்க்காரி என்று கடைசிவரை தெரியவில்லை.

சண்முகவேல் அண்ணாச்சி அன்றைக்கு அந்த டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அரசாங்க ஆபீசில் குமாஸ்தா, அவர் சொன்னால் இன்ஸ்பெக்டர் கேட்பார். அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "ஜெபராஜு பஸ்ஸுக்குள்ள இருந்து எறங்குனதை நீங்க பாத்தீங்கள்லா அண்ணாச்சி? அதை மட்டும் வந்து சொல்லுங்க" என்று கேட்டேன்.

"பாத்தேன்னு எப்படிம்மா சொல்லுவேன்? அடுத்தாப்புல, வேற யாரையெல்லாம் பாத்தேருன்னு கேப்பான்லா. நான் இந்த ஊர்லதான இருக்கணும்?" என்றார். டீ கொடுத்தார்கள். அதை ஏன் குடித்துவிட்டு வந்தேன் என்று இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து நாவல் வந்தது. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் வாங்கிவிடுவீர்கள். அதில் வானம் சிவக்கும். பறவைகள் கலையும். ஆலமரத்தடியில் ஒரு பைத்தியக்காரன் ஊர் அழியப்போகிறது என்று கத்துவான். கூட்டம் வெள்ளமாக வரும், காட்டாறாக வரும், மதம் பிடித்த யானையாக வரும், மனிதனாக மட்டும் வராது. தக்காளிக் கூடை கிடையாது. என்னை டீச்சர் என்று கூப்பிட்ட குரல் கிடையாது. தீப்பெட்டியும் இல்லை. "தீ எங்கிருந்து வந்தது என்று எவரும் அறியார்" என்று ஒரு வரி உண்டு. அந்த வரியைத்தான் நீங்கள் எல்லா மேடையிலும் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தீர்கள். பரிசும் கிடைத்தது.

பாராட்டுக் கூட்டத்தில் அவர் பேசியது பலருக்கு நினைவிருக்கும். "கலவரத்துக்கு முகம் கிடையாது. கூட்டம்தான் என் கதாநாயகன்" என்றார். நான் எழுந்து, "மூஞ்சில துண்டு கட்டியிருந்தாங்க அண்ணாச்சி. துண்டுக்கு உள்ள மூஞ்சி இருந்துச்சுல்லா?" என்று கேட்டேன். "டீச்சர் நாவல்லயும் வருகைப் பதிவு எடுக்கச் சொல்லுதாங்க" என்றார். அரங்கமே சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குச் சொல்ல வராததை இன்றைக்குச் சொல்கிறேன். கூட்டத்தை வெள்ளம் என்று எழுதிவிட்டால் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. வெள்ளத்தின் மேல் எவனும் வழக்குப் போட முடியாது. ஆனால் ஊரில் வழக்கு நின்றுபோகவில்லை, செய்யாதவன் மேல் நடந்துகொண்டிருந்தது. போலீஸ் எழுதிய "பெயர் தெரியாத பலர்" என்ற அதே வரியைத்தான் அண்ணாச்சி முன்னூறு பக்கத்துக்கு அழகாக எழுதினார். அவர் பரிசு வாங்கிய வாரத்தில்கூட ஜெபராஜ் வாய்தாவுக்குப் போய்விட்டு வந்தான். எட்டு வருஷம் அலைந்தான். கடைசியில், குற்றம் செய்யவில்லை என்று சொல்லாமல், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு போலீஸ் வேலைக்குப் போக முடியாது என்றார்கள். இப்போது கரிவலம்வந்தநல்லூரில் வெல்டிங் கடை வைத்திருக்கிறான்.

இறந்த மூன்றாம் நாள், துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி காந்திமதி மதினிக்காகத்தான் போனேன், அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவள் உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "டீச்சர் வந்தா குடு, வராட்டா அடுப்புல போட்டுருன்னு சொன்னாவ" என்றாள். அந்த நாவலின் முதல் பதிப்பு, அவருடைய சொந்தப் பிரதி.

பஸ் எரிகிற அத்தியாயத்தில் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. வெள்ளம் என்று அச்சான இடத்தில் ஐந்து பெயர். காட்டாறு என்ற இடத்தில் எட்டு. யானை என்ற இடத்தில் ஒரே பெயர். அந்த யானை இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது, ஒல்லியான மனிதர், மாலை போட ஆள் உதவி தேவைப்பட்டது. தீ எங்கிருந்து வந்தது என்று எவரும் அறியார் என்ற வரிக்குப் பக்கத்தில் சண்முகவேல் என்று எழுதி, அதன் கீழே, "என் தீப்பெட்டி. கேட்டான், கொடுத்தேன்."

அங்கேயே எனக்குக் கோபம் வந்தது. பயந்து கொடுத்திருக்கலாம், எதற்கென்று தெரியாமலும் கொடுத்திருக்கலாம். அதை எழுதியிருந்தால் அது எவ்வளவு பெரிய நாவல். அத்தனையும் தெரிந்தவர், தெரிந்ததை ஓரத்தில் வைத்துக்கொண்டு தெரியாததை நடுவில் அச்சடித்தார். ஓரத்தில் எழுதியதையும் பென்சிலில். எப்போது வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளலாம் அல்லவா? நான் துக்கம் கேட்கப் போகாவிட்டால் அடுப்பில் போயிருக்கும். மன்னிப்புக் கேட்கிற முறை இதுதான் என்றால், நான் மன்னிக்கவில்லை அண்ணாச்சி.

செயலாளர் அவர்களே, உங்கள் மலருக்கு என்னால் முடிந்தது இதுதான். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை, எழுதினால் நீங்கள் போட மாட்டீர்கள். அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பிரதி. அது என் பீரோவில் இருக்கிறது. தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரலாம். நானும் டீ கொடுப்பேன்.

முதலில் பார்த்தவன் ஜெபராஜ். கடையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான். விரல் வைத்து ஒவ்வொரு ஓரமாகப் படித்தான். யார் யார் என்று அவன் கேட்கவில்லை.

"எம் பேரு எங்கக்கா இருக்கு?"

"இல்லலே."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்துட்டேன்."

அவன் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டினான். முடித்துவிட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தான். "ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்துத் தாக்கா" என்றான். "போலீஸ் பேப்பர்ல எம் பேரு இருக்கு. கோர்ட்டு பேப்பர்ல இருக்கு. இல்லாத பேப்பரு இது ஒண்ணுதான்."