சாயங்காலப் பிள்ளைகளும் என் வயிற்றெரிச்சலும்

எங்கள் வேலையில் ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். நடக்காத ஒன்றுக்கு யார் வந்து நன்றி சொல்வார்கள்? திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையத்தில் இருக்கிறேன். பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில். வீட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் காட்டு வேலை முடிந்து திரும்பும்வரை, பிள்ளைகள் விழாமல், தீயில் சுட்டுக்கொள்ளாமல், தண்ணீரில் மூழ்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அடுத்தவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, பெற்றவளைப் பார்த்துப் பொறாமையில் வெந்தவர்கள் என்னைப் போல் இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

கிணற்றுக்குக் கம்பி வலை

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் சுற்றுச்சுவர் இல்லாத தோட்டத்துக் கிணறு ஒன்று உண்டு. வலை போடுங்கள் என்று தோட்டக்காரர் வீட்டுக்கு நான் நடந்த நடையில், அவர் என்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். கடைசியில் தொல்லை தாங்காமல் போட்டுவிட்டார்.

பொங்கலுக்குக் கவினின் அம்மா பாண்டிச்செல்வி திருப்பூரிலிருந்து வந்தாள். கவின் ஒன்றாம் வகுப்பு. மையத்தில் என் முந்தானையை விடாத பிள்ளை. அன்றைக்கு அம்மா வாங்கி வந்த ரிமோட் கார் கையில், அம்மா விரல் இன்னொரு கையில்; என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாண்டிச்செல்வி கிணற்றருகே நின்ற தோட்டக்காரரிடம், "வலை போட்டுட்டீகளாண்ணே! பெரிய மனசு உங்களுக்கு" என்றாள். பக்கத்தில்தான் நின்றேன். தோட்டக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீசையைத் தடவினார்.

"பிள்ளைக நடமாடுற எடமாச்சே தாயி, யாரு சொல்லணும்? நானாத்தான் போட்டேன்."

கலர் பாட்டில்

பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தில் மிச்சத்தை, குடித்து முடித்த கலர் பாட்டிலில் ஊற்றி வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். தெரியாத பாட்டிலைத் தொடாதே, திறக்காதே, ஓடி வந்து சொல் என்று தினமும் மையத்தில் பாட்டாகவே பாடவைப்பேன். போதாதென்று பாண்டிச்செல்விக்கும் போன் போட்டு, "நீயும் ஒரு தடவ அவன்கிட்டச் சொல்லு" என்றிருந்தேன்.

ஒருநாள் கவின் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவனை வளர்க்கிற பெரியம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு பாட்டிலாம். போய்ப் பார்த்தேன். மூடியைத் திறக்கும்போதே நெடி அடித்தது. தொடாமல் வந்தவனைக் கட்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவே கூடி நிற்கையில், எல்லோர் காதிலும் விழட்டும் என்று, "யாருடா இதச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"எங்கம்மா போன்ல சொன்னாங்க டீச்சர்."

வெந்நீர்

அது ஞாயிற்றுக்கிழமை, மையம் கிடையாது. பெரியம்மா வாசல் அடுப்பில் குளிக்க வெந்நீர் போட்டிருந்தார். கவின் தானே எடுக்கப் போய் பானை சாய்ந்து காலில் கொட்டிவிட்டது. அலறல் கேட்டு நான் ஓடினால், பெரியம்மா பதறிப்போய் பேஸ்ட்டைப் பிதுக்கிக்கொண்டிருக்கிறார். பிடுங்கி எறிந்தேன். குழாயடியில் உட்காரவைத்து, அவன் கதறல் விம்மலாகும்வரை பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். சுத்தமான துணியை மேலாகப் போர்த்தி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் மடிதான். என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

மறுநாள் காலை பாண்டிச்செல்வி பஸ்ஸிலிருந்து நேராக வந்தாள். அவள் தலை தெரிந்ததும் அவன் என் கையை விட்டான். பிள்ளைக்கு அம்மா வந்துவிட்டாள் என்று சந்தோஷப்படத்தானே வேண்டும்? எனக்கு அப்படி வரவில்லை. பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரமாக நின்றேன். கட்டு மாற்ற வந்த நர்ஸ் என் பக்கம் திரும்பினார்.

"அம்மா மட்டும் இருங்க. மத்தவங்கெல்லாம் வெளிய போங்க, கூட்டம் போடாதீங்க."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு

கால் ஆறியதும் பாண்டிச்செல்வி முடிவெடுத்துவிட்டாள். "இனி என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும் டீச்சர். கூட்டிட்டுப் போறேன்." வழியனுப்பப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

திருப்பூர் பஸ்ஸில் கவின் ஜன்னலோர சீட் கிடைத்த குஷியில் இருந்தான். நான் கீழே நின்று விசாரணையை ஆரம்பித்தேன். ரூம் எத்தனையாவது மாடி? மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கா? வெந்நீருக்குப் பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் கம்பியா? சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணீரில் கை வைக்கணும், தெரியுமா? அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு நீ வரும்வரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

"பக்கத்து ரூம்ல ஒரு அக்கா இருக்காங்க. பிள்ளைகன்னா உசுரு" என்றாள்.

முகம் தெரியாத அந்த அக்கா மேல் எனக்கு அந்த நிமிடமே பற்றிக்கொண்டு வந்தது. அவங்க வீட்டுக் கேஸ் அடுப்பு எம்புட்டு உயரத்தில் இருக்கு, மதியம் தூங்குவாங்களா, கதவைத் தாழ் போடுவாங்களா என்று நான் அடுக்கிக்கொண்டே போக, டிரைவர் வண்டியை எடுத்தார். பாண்டிச்செல்வி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தோளைத் தொட்டுச் சிரித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், இவன என்கிட்ட ஒப்படைக்கிறீங்களா, இல்ல கடனாத் தாரீங்களா?"

பிள்ளைகளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ள எனக்கு எல்லா வழியும் தெரியும். பார்த்துக்கொள்கிறவளுக்கு அடிபடாமல் இருக்கத்தான் இன்னும் யாரும் ஒரு வழி சொல்லித் தரவில்லை.