வெள்ளைத் துணியை நம்பிய கந்தவேல்

சண்முகப்பிரியாவைத் தானே கட்டிக்கொள்ளும் ஆசையில், அவளுக்கு வந்த வரனைக் கந்தவேல் படத்திலேயே கெடுத்துவிட்டார் என்று திருப்பூர்ப் பக்கம் எங்கள் மங்கலத்தில் ஒரு பேச்சு உண்டு. நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை, கையில் கேமரா. எங்கள் ஊருக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. பேக்கரியில் இந்தக் கதையை எடுத்துவிட்டால் டீயோடு பன்னும் வரும். ஆனால் நடந்தது வேறு.

கந்தவேல் மனிதர்களைப் படம் எடுக்கிறவர் அல்ல. பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டிமேல் அச்சடிக்கிற படம் எடுக்கிறவர். வெள்ளை பனியன், வெள்ளை ஜட்டி, அவ்வளவுதான். பனியனிடம் சிரிக்கச் சொல்ல வேண்டாம், ஜட்டியிடம் தொந்தியை உள்ளே இழுக்கச் சொல்ல வேண்டாம். வெள்ளை மட்டும் வெள்ளையாக வந்தால் போதும். அதற்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கட்டிங் டேபிளில் விழுந்த வெள்ளைத் துண்டுத் துணியை வெளிச்சத்தில் பிடித்துக் கேமராவுக்குக் காட்டி, இதுதான் வெள்ளை என்று ஒயிட் பேலன்ஸ் வைத்துவிடுவார். அந்த வேலைக்கென்றே விற்கிற சாம்பல் நிற அட்டை ஒன்று அவருடைய பையில் பிரிக்காமலே கிடந்தது.

"திருப்பூர்ல இருந்துக்கிட்டு வெள்ளையக் காட்டறதுக்கு அட்டை வேணுங்ளா?" என்பார்.

பக்கத்து வீட்டுச் சாரதாமணியின் மகள்தான் சண்முகப்பிரியா. சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிற வீட்டிலிருந்து வரன் வந்தது. பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. பையனின் அம்மா முதலில் படம் கேட்டார்.

"போன்ல எடுத்தா மூக்குதான் முன்னால நிக்குது. நீயே நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு கந்தவேலு" என்றார் சாரதாமணி.

மொட்டை மாடியில் நல்ல வெயில். வழக்கம்போலத் துண்டுத் துணியைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைத்தார், எடுத்தார். அந்த வெயிலில் கேமராத் திரையில் நிறம் எங்கே தெரியும்? படம் கேமராவிலிருந்து போனுக்கும், போனிலிருந்து சாமளாபுரத்துக்கும் அப்போதே போய்விட்டது.

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குதுங்க. காமாலை கீமாலை கண்ட புள்ளையாட்டத் தெரியுது. நமக்கு வேண்டாமுங்க" என்று பையனின் அம்மா தரகரிடம் முடித்துவிட்டார்.

சேதி கேட்டுத்தான் கந்தவேல் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். முகம், பல், கண் எல்லாம் மஞ்சள். பெண்ணை மறுபடி மாடிக்கு வரச்சொல்லி, அந்தச் சாம்பல் அட்டையைப் பிரித்து, அதை வைத்து எடுத்தார். அவளுடைய முகம் அவளுடைய நிறத்திலேயே வந்தது. குற்றம் துணியில்தான். பளிச்சென்று தெரிவதற்காக இங்கே வெள்ளைத் துணிக்கு ஒயிட்னர் என்று ஒரு வெளுப்பு மருந்து ஏற்றுவார்கள். வெயிலில் அது நீலம் அடிக்கும். அந்த நீலத்தை வெள்ளை என்று நம்பிய கேமரா, நீலத்தை அடக்கப் படம் முழுக்க மஞ்சளை ஏற்றிவிட்டது. அதே துணியில் தைத்த பனியன் மட்டும் எப்போதும் சரியாக வந்ததால், இத்தனை காலம் ஒரு கம்பெனிக்காரரும் குறை சொன்னதில்லை.

புதுப் படத்தோடு சாமளாபுரம் ஓடினார். பையனின் அம்மா மோர் கொடுத்து, படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"லட்சணமான புள்ளைங்க. முந்தியே இதையக் குடுத்திருக்கலாமில்லீங்க தம்பி? நேத்துத்தான் வேற எடத்துக்கு வாக்குக் குடுத்தோம்."

அதன்பிறகு சாரதாமணி அவரோடு பேசுவதில்லை. சண்முகப்பிரியா மட்டும் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில், "உடுங்ணா, பரவால்லீங்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று கந்தவேல் இன்றைக்கும் சொல்கிறார்.

போன வாரம் பேக்கரியில் அவரிடமே கேட்டுவிட்டேன். "ஏனப்பா, அந்தப் புள்ள மேல உனக்கு ஆசையாமா? ஊரே சொல்லுது."

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆசை இருந்திருந்தா மூஞ்சியப் பாத்திருப்பனுங்ணா. நான் துணியத்தான் பாத்தேன்."