ஓடைக்கரைச் செடியின் பூந்தூள்

என் பெரியம்மா கத்தரீனாள் வண்டன்மேட்டு ஏலத்தோட்ட நர்சரியில் பன்னிரண்டு வருஷம் உழைத்தவள். அதே நர்சரிக்குச் சிசிலி வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் 1951இல் இரண்டு ஏல ரகங்களைக் கலக்க வந்த பாலக்காட்டு ஆபீசர் துரைசுவாமி, சிசிலியைத்தான் கூப்பிட்டார். மெல்லிய விரலாம்! நர்சரி மேஸ்திரி வேலையும் அவளுக்கே போய்விடும் என்று பெரியம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"பூந்தூள்ல பாதி, சூல்ல பாதி. ரெண்டும் சேர்ந்தாத்தான் விதை. ஒரே செடியோட தூளானாலும் ஒரு துகள் கொண்டுவர்ற பாதிய இன்னொண்ணு கொண்டுவராது, கேட்டேளா?" என்றார் ஆபீசர்.

பருமனாகக் காய்க்கும் மலபார்ச் செடியின் மொட்டை முந்தின நாளே பிரித்து, ஆண் பாகத்தைக் கிள்ளிவிட்டுக் காகிதப் பை கட்ட வேண்டும். மறுநாள் காலையில் மைசூர் ரகப் பூவின் தூளைத் தொட்டு வைக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. பெரியம்மாவுக்கு வராதா என்ன?

மைசூர்ப் பூக்களைச் சேம்பிலையில் பொதிந்து வைத்துவிட்டு, சிசிலி அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஆபீசுக்குப் போனாள். பெரியம்மா அவற்றை எடுத்துவிட்டு வேறு பூக்களை வைத்துவிட்டாள். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் தானாக முளைத்த சவலைச் செடியின் பூக்கள் அவை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சிசிலி அந்தத் தூளையே தொட்டு வைத்தாள். நாற்று சவலையாய்ப் போய் அவள் மானம் கப்பலேறும் என்று பெரியம்மா காத்திருந்தாள்.

நாலு வருஷம் கழித்துத் தோட்டமெங்கும் கட்டை நோய் வந்து இலைகள் வரிவரியாய் வெளுத்தன. சிசிலி தொட்டு வைத்த பூவின் விதையில் வந்த ஆறு செடிகள் மட்டும் பச்சையாய் நின்று, தாயைப் போலவே பருமனாகக் காய்த்தன. ஓடைக்கரைச் சவலையை நோய் ஒருநாளும் அண்டியதில்லை என்பது பெரியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மேஸ்திரி வேலை சிசிலிக்குப் போனது.

ஆபீசர் அதே கலப்பை மறுபடி செய்யச் சொன்னார். இந்தத் தடவை நிஜமான மைசூர்ப் பூ. நாற்றெல்லாம் நோயில் போயிற்று. சிசிலி அழுதுகொண்டு வந்தாள்.

"அதே தாயி, அதே தகப்பன். நான் எங்கக்கா தப்புப் பண்ணேன்?"

"நான் என்னத்தக் கண்டேன்? ஒனக்குத்தான மெல்லிசு விரலு."

அன்று சாயங்காலமே பெரியம்மா ஓடைக்கரைச் செடியைக் கிழங்கோடு தோண்டித் தண்ணீரில் விட்டாள்.

"அந்தச் செடிய ஆபீசருகிட்டக் காட்டியிருந்தா ஒங்களுக்கும் பேரு கெடச்சிருக்குமே, பெரியம்மா?" என்று பின்னாளில் கேட்டேன்.

"கெடச்சிருக்கும்டி. தொட்டு வச்ச கையின்னு அவளுக்கும்ல கெடச்சிருக்கும்!"