செடிக்குப் பக்கத்தில் நின்றவர்

மலேசியாவில் கம்போங் ராஜாவுக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டுச் சரசு அக்கா தினமும் காலையில் வேலியோரம் நின்று, "பசியாறியாச்சா தங்கச்சி?" என்று கேட்பார். எனக்குச் சுருக்கென்றிருக்கும். நாங்கள் என்ன பட்டினியா கிடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, "எனக்குப் பசியே இல்லைக்கா" என்பேன். அவர் முகம் வாடி உள்ளே போய்விடுவார். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கேமரன் மலையில் பேச்சு தமிழ், குளிர் எங்கள் குன்னூர்க் குளிர், சரிவெல்லாம் அதே தேயிலை. அதனாலேயே இது வேறு நாடு என்பது மறந்துபோய், அடிக்கடி கால் இடறுகிறது.

என் கணவருக்கு இங்கே ஒரு தேயிலை ஆலையில் வேலை. நாங்கள் கிளம்பும்போது அப்பா, "நான் போன இடம்தான்" என்றார். அப்பா தேயிலை விஞ்ஞானி. எந்த விதை என்ன செடியாகும், எது பனியைத் தாங்கும் என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர். கல்யாணத்துக்கு முன்பு, ஒரு தோட்டத்தார் அழைத்ததால் சில மாதம் இந்த மலையில் தங்கியிருந்தார். போன வருடம் அவர் இறந்ததும் பழைய படங்களை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்டோம். நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் படம் ஒன்று, நாற்றங்காலில் என்னைத் தோளில் தூக்கி நிற்கும் படம் ஒன்று. மற்ற எதிலும் அவர் இல்லை. கேமரா எப்போதும் அவர் கையில்தான் இருந்தது. அவற்றில் நான் கேட்டு வாங்கி வந்தது 'கேமரன் செடி'. கவாத்து வெட்டாமல் விதைக்காக விட்ட தேயிலை, மரமாக ஓங்கி நிற்கும். பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், வலது கையைத் தலைக்குமேல் நீட்டிக்கொண்டு, சிரிக்காமல் நம்மையே பார்ப்பார்.

குன்னூர் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தப் படத்தைக் காட்டுவார். "செடியோட உயரம் தெரியணுமே. அளவுகோலை பங்களாவிலேயே வெச்சிட்டுப் போயிட்டேன். அங்க நின்ன ஒருத்தியைப் பிடிச்சு நிறுத்தி, கையைத் தூக்குன்னேன். அசையாத அளவுகோல்." வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் நாங்களும் சிரிப்போம். அந்தப் பெண் யார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நடுவே வளர்ந்தும், ஒரு லயத்து வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை.

படத்தைச் சட்டம் போட்டு இங்கே கூடத்தில் மாட்டியிருந்தேன். ஒருநாள் சரசு அக்கா பசாரில் விற்றதுபோக மீந்த கோசு இரண்டைக் கொடுக்க வந்தார். தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். இப்போது அண்ணனோடு காய் விற்கிறார். கோசை மேசையில் வைத்தவர் திரும்பவில்லை. சுவருக்கு அருகில் போய் நின்றார்.

"இந்தப் படம் உங்களுக்கு எப்படி?"

"எங்கப்பா எடுத்ததுக்கா."

"இது எங்கம்மா லா."

அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாராம். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. "ஐசியில, அதான் அடையாளக் கார்டுல, ஒண்ணு இருந்துச்சு. செத்ததும் அதையும் ஆபீசுல வாங்கிக்கிட்டாங்க. மொகம் மறந்துட்டே வந்துச்சு தங்கச்சி." கண்ணாடிமேல் விரலை வைத்து, "ஏன் கைய தூக்கிட்டு நிக்கிறாங்க? யாரையாச்சும் கூப்புடுறாங்களா?" என்றார்.

"தெரியலைக்கா" என்றேன்.

படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அண்ணனும் தங்கையுமாக வந்தார்கள். கடையில் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறார்களாம். அம்மாவுக்கு முதல்முறையாகப் படம் வைத்துப் படையல் போடப்போகிறார்களாம். அந்தப் பெரியவர் எனக்குக் கைகூப்பினார். "ஒங்கப்பா பெரிய மனசுக்காரர்மா. ஒரு கூலிக்காரிய மறக்காம இத்தன வருசம் படத்த வச்சிருந்தாரு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அளவுகோல், அசையாத ஒருத்தி, விருந்தாளிகள், சிரிப்பு, எல்லாவற்றையும். சொல்லும்போது என் வாயிலிருந்து அப்பாவின் குரலே வருவதுபோல் கூசியது. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரசு அக்காதான் பேசினார்.

"அப்ப எங்கம்மா எவ்வளவு உசரம்னு ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்ல? என்னா சொன்னாரு?"

செடியின் உயரம் எனக்கு அங்குலம் வரை மனப்பாடம். அந்தப் பெண்ணின் உயரத்தை அப்பா ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "சொல்லலைக்கா. பேரும் சொல்லலை."

"பேரு அஞ்சலை" என்றார் அவர். "விடுங்க தங்கச்சி. அவரு அளவுகோல எடுத்துட்டுப் போயிருந்தா எங்களுக்கு அம்மா மொகமே இல்ல" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட அன்றிரவு தூங்கியிருப்பேன்.

ஊரிலிருக்கும் என் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அப்பா தப்பா ஒண்ணும் செய்யலையே. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்" என்றான். உண்மைதான். என்னைத் தோளில் தூக்கிய அதே மனிதர்தான் அவர். அவர்மேல் வைத்த பிரியத்தில் ஒரு இழைகூடக் குறையவில்லை. அதற்கும் சேர்த்தே வெட்கப்பட்டேன்.

படையலுக்குக் கூப்பிட்டார்கள், போனேன். கடைக்காரர் செடியைப் பெரும்பாலும் வெட்டிவிட்டு, அஞ்சலையை நடுவில் நிறுத்தியிருந்தார். பெரிதாக்கியதில், அவர் காலடியில் தரையில் ஒரு கருமை தெளிந்து வந்திருந்தது. தொப்பி, மடங்கிய இரண்டு முழங்கைகள். படமெடுத்தவரின் நிழல்.

"அந்த நெழல அண்ணன் வெட்டிறச் சொன்னாரு. நாந்தான் இருக்கட்டும்னேன்" என்று சரசு அக்கா என் காதருகே சொன்னார்.

குடும்பத்தார் உள்ளே வரிசையாக நின்றார்கள். அக்கம்பக்கத்தார் வெளியே நின்றார்கள். சூடத்தின் வெளிச்சம் அஞ்சலையின் முகத்தில் ஏறி, இறங்கும்போது அப்பாவின் நிழலையும் தொட்டது. தட்டு என்னிடம் வந்தபோது, வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றபடி கையை நீட்டினேன்.