ஆடாமல் நின்றவர்

மதுவிலக்கை எடுத்துவிட்டுச் சாராயக் கடைகளைத் திறந்த அந்த வருடம், ஒகேனக்கல் சாலையில் ஒரு கடையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு. முதல் நாளே அதிகாரி ஒருவர் வந்து, "தள்ளாடுறவனுக்கு ஊத்தினா லைசென்ஸ் போயிடும்" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஒரு பரிசல்காரர் ஆடி ஆடி வந்தார். கிடையாது என்றேன்.

"காலையில இருந்து பரிசல்லயே இருந்தனுங்க. கரையேறியும் கால் ஆடுது. ஒரு சொட்டு தொடலீங்க."

கால் ஆடுவதற்கு இப்படியொரு கதையா என்று எனக்கு எரிச்சல். அவருக்குப் பின்னால் கம்பம் போல நின்ற பெரியவருக்கு ஊற்றினேன். ஒரே மடக்குதான், அப்படியே சாய்ந்தார்.

"அவரு வூட்டுலயே குடிச்சிட்டு வந்தவருங்க" என்றார் பரிசல்காரர். "இத்தனை வருசமா திருட்டுத்தனமா குடிச்சிட்டு, போலீஸ் ஸ்டேஷன் முன்னாடி நேரா நடந்து பழகினவரு. போதை ஏற ஏற நேராத்தான் நிப்பாரு."

எனக்குத் தலை சுற்றியது. எந்தக் காலைப் பார்த்து ஊற்றுவது என்று அந்த அதிகாரி சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பரிசல்காரர் பெரியவரைத் தோளில் தூக்கிக்கொண்டார். அந்தக் கனத்தோடு அவர் நடை கொஞ்சமும் ஆடவில்லை. வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்.

"இப்ப எனக்கு ஊத்தலாமுங்களா?"