சுவன்னி அக்காவிடம் மெனு அட்டையைக் கொடுத்துவிடுங்கள்

மெனு அட்டை மேசைக்கு வந்ததும் சுவன்னி அக்கா அதை மரியாதையாக வாங்கிக்கொள்வார். பிரித்துப் பார்க்க மாட்டார். உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து, அட்டையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் நன்றாக அமர்ந்துவிடுவார். பாங்காக்கில் தா ப்ரா சந்திப்புக்குப் பின்னால் இருக்கும் வாதுமை மரத்தடிக் கடையில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். மற்ற மேசைகளுக்கு ஆளுக்கொரு அட்டை. இவர் மேசைக்கு ஒன்றே ஒன்றுதான் வரும். "மேசைன்னா ஒரு வாய்தான் பேசணும். அஞ்சு வாய் பேசினா அது சந்தை" என்பது அக்காவின் கொள்கை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கடையில் இடம் கிடைப்பது சுலபமில்லை. சீட்டு வாங்கிக்கொண்டு மரத்தடியில் சிவப்பு முக்காலிகளில் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா உட்காரவே மாட்டார். அடுப்படி வாசலுக்கு நேரே நின்று, வெளியே போகும் தட்டுகளையும், அவை போய்ச் சேரும் முகங்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். "நண்டு இன்னிக்கு வேணாம். அந்த நீலச் சட்டைக்காரர் மூஞ்சியப் பாரு, கூட்டாளி கடனைத் திருப்பித் தராத மாதிரி உக்காந்திருக்காரு." உள்ளே போய் உட்காருவதற்குள் மனசுக்குள் பந்தி போட்டு முடித்திருப்பார்.

அவர் பார்வை அப்படி. வொங்வியன் யாய் பக்கம் பள்ளிச் சீருடைக் கடை வைத்திருக்கிறார். அளவு நாடா கழுத்தில் தொங்கும், அழகுக்கு. பிள்ளை வாசல்படி ஏறும்போதே ஒரு பார்வை பார்த்து, பின்னால் திரும்பிக் கைக்கு வந்த சட்டையை எடுத்துப் போடுவார். அது சரியாக இருக்கும். "இப்ப கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும். மழை முடியறதுக்குள்ள இவன் வளந்துடுவான்" என்று தாய்மாரிடம் சொல்வார். பையன்களும் அவர் பேச்சைத் தட்டாமல் வளர்ந்துவிடுகிறார்கள்.

அதே கண்ணால்தான் சாப்பாட்டு மேசையையும் அளக்கிறார். யாருக்கு வயிறு சரியில்லை, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், யாருக்குக் கூடுதலாக ஒரு தட்டு சோறு வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். யாரையும் கேட்பதில்லை. "கேட்டா 'எது வேணும்னாலும் சரி'ம்பாங்க. எது வேணும்னாலும் சரின்னு ஒரு சாப்பாடு எந்தக் கடையில போடறான்?" குழம்பு ஒன்று இருந்தால் பொரித்தது ஒன்று இருக்க வேண்டும், காரம் வந்தால் பின்னாலேயே புளிப்பு வர வேண்டும், கடைசியில் யார் தட்டிலும் மிச்சம் இருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, மேசையில் விரலால் தாளம் தட்டியபடி ஒவ்வொன்றாகச் சொல்வார். பரிமாறும் நொய் பல வருஷமாக அங்கே இருக்கிற பெண்மணி. அக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே பாதியை எழுதி முடித்திருப்பார்.

இதில் அதிகம் நன்மை அடைந்தவர், அல்லது பாழாய்ப்போனவர், அக்காவின் கணவர் விச்சித். தான் சாப்பிடுவதற்கு என்ன பெயர் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. அக்கா ஒருமுறை தங்கை பிரசவத்துக்குப் போயிருந்தபோது இதே கடைக்குத் தனியாக வந்தார். அட்டையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஐஸ் தண்ணீர் குடித்தார். எழுந்துபோய்த் தெருவோரத் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். "அங்க கேள்வி கேக்க மாட்டாங்க" என்று பிறகு விளக்கம் சொன்னார்.

இப்படிப்பட்ட அக்காவுக்குப் போன ஞாயிறு ஒரு சோதனை வந்தது.

மகன் பூம், நக்கோன் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பிளாய் என்று பெயர்; பாங்காக்கில் நர்ஸ். பெண்ணின் தாயார் பிரதும் அம்மா தெற்கே ரப்பர் தோட்டத்தைத் தனியாளாக நடத்துகிறவர். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. போனில் மகளிடம், "அவுக எப்பிடிச் சாப்பிடுதாகன்னு ஒருக்கப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். இது வெறும் பேச்சில்லை. இதற்கு முன் வந்த ஒரு மாப்பிள்ளை, எல்லாருக்கும் பொதுவாக வைத்த மீன் தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான் என்பதற்காகவே அவனை வழியனுப்பி வைத்தவர் அவர்.

மரத்தடியில் காத்திருக்கும்போது பூம் தாயின் காதைக் கடித்தான். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அட்டையை அவங்க கையில குடுத்துரும்மா."

"குடுக்கறேன்டா. அதை என்ன நான் அவிச்சா திங்கறேன்?"

பிரதும் அம்மா ராத்திரி ரயிலில் வந்து இறங்கியிருந்தார். ஒல்லியான, கறுத்த, உரம் ஏறிய கைகள். அந்தக் கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு கட்டு சத்தோ அவரைக்காய். தெற்கத்திக்காரர்களுக்கு அது உயிர். மற்றவர்களுக்கு அதன் நாற்றமே போதும். அவர் உள்ளே நுழைந்ததும் நாலு மேசைகள் திரும்பிப் பார்த்தன. அக்கா அந்தக் கட்டைக் கைகூப்பி வாங்கி, ஏதோ மல்லிகைச் சரம் மாதிரி முகர்ந்து பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார்.

அட்டை வந்தது. அக்கா சொன்ன சொல் தவறாமல் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்கக்கா. அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க."

"அய்ய, நான் என்னத்தச் சொல்ல? உங்க ஊரு, உங்க கடை. நீங்களே சொல்லுங்க."

"எங்களுக்கு எது வேணும்னாலும் சரிக்கா."

விச்சித் தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வாக்கியத்தை அவர் அந்த வாயிலிருந்து கேட்டதே இல்லை.

"எங்களுக்கும் எதுன்னாலும் சரிதாம்" என்று அட்டை திரும்பி வந்தது.

அங்கே போனது, இங்கே வந்தது. ஒரு தடவை மிளகாய் மிதக்கும் மீன்சாறுக் கிண்ணத்தில் மூலை நனைந்து வந்தது. பிளாய் மேசைக்கு அடியில் பூமின் காலை மிதித்தாள். நொய் பென்சிலால் காதைக் குடைந்தபடி நின்றார். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க. வெளியில வரிசை மரத்தைத் தாண்டிப் போயிடுச்சு."

வேறு வழியில்லாமல் அக்கா அட்டையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். பிரதும் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். தெற்குச் சீமை, மலையடிவாரம், உறைப்பில் பிறந்து உறைப்பில் வளர்ந்த நாக்கு. அளந்தாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் அந்தக் கடையில் சொல்லாததையெல்லாம் சொன்னார். மிளகாயும் மஞ்சளும் இடித்து வறட்டிய பன்றிக்கறி. மூங்கில் குருத்துப் போட்ட மஞ்சள் புளிக்குழம்பு. இறாலும் சத்தோவும். கடைசியாக, புளிக்கவைத்த மீன்குடலில் காய்ச்சும் தைப்லா குழம்பு.

நொய்யின் பென்சில் நின்றுவிட்டது. "அக்கா, இதெல்லாம் உங்களுக்கா?"

"எழுது."

"நம்ம வழக்கமா வருமே, மஞ்சளா வட்டமா... அது வராதா?" என்று விச்சித் மெதுவாகக் கேட்டார். ஆம்லெட்டைத்தான் சொன்னார், பாவம்.

"வராது" என்றார் அக்கா.

பிரதும் அம்மா கை கழுவிவிட்டு வருவதாக எழுந்து போனார். கை கழுவக் கொஞ்சம் அதிக நேரமாயிற்று.

முதலில் நெருப்பு வகைகள் நாலும் வந்தன. மேசை சிவந்தது. அதோடு முடியவில்லை. தண்ணீர் மாதிரித் தெளிந்த சோயாக்கட்டி சூப் வந்தது. மீன்சாறு விட்டு வதக்கிய முட்டைக்கோஸ் வந்தது. தட்டை மறைக்கும் அளவுக்கு ஒரு ஆம்லெட் வந்தது. விச்சித்தின் முகம் மலர்ந்தது. வைக்க இடமில்லாமல் கிளாஸ்களை ஆளுக்கொன்றாகக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

அக்காவின் முகம் மட்டும் இறுகிவிட்டது. அவர் சொல்லாத சாப்பாடு அவர் மேசைக்கு வந்ததே கிடையாது. "நொய், இது எங்களுது இல்ல. வேற மேசை."

நொய் மின்விசிறியைப் பார்த்தார். பிரதும் அம்மா சோற்றைப் பார்த்தார்.

"நாந்தான் சொல்லிட்டு வந்தேன். எனக்காகத்தான் நீங்க அதெல்லாம் சொன்னியன்னு வெளங்கிட்டு. பாங்காக் வயிறு அதைத் தாங்குமா? அதாம், நீங்க சாப்பிடுத மாதிரி மூணு போடச் சொன்னேன்."

ஒரு உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அன்றைக்கு அந்த மேசையில் அதுதான் இருந்தது. பூமுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணம் இப்போதே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான், சாப்பாடு தொடங்குவதற்கு முன்பே.

இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. இரண்டு பேரும் மரியாதை காட்டத் தொடங்கினார்கள். விருந்தாளிக்கென்று சொன்னதைத் தானே ஒதுக்கக்கூடாது என்று அக்கா நினைக்க, தான் சொன்னதைத் தொடாவிட்டால் வீட்டார் மனசு நோகும் என்று பிரதும் அம்மா நினைக்க, நடந்ததோ தலைகீழ். விருந்தாளியை உபசரிக்க வரவழைத்த நெருப்பை அக்காவே அள்ளிப் போட்டுக்கொண்டார். "நாம சாப்பிட்டாத்தான் அவங்க சாப்பிடுவாங்க" என்பது அவரது பழைய கணக்கு. பிரதும் அம்மா தான் வரவழைத்த பத்தியச் சூப்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் போல விழுங்கினார்.

"ரொம்ப நல்லாருக்கு" என்றார் அக்கா. காது மடல் சிவந்திருந்தது.

"இதுவும் நல்லாத்தாம் இருக்கு" என்றார் பிரதும் அம்மா. சூப்பை அவர் பார்க்கக்கூட இல்லை.

விச்சித் மட்டும் யாரையும் கவனிக்காமல் மஞ்சள் வட்டத்தை ஓரத்திலிருந்து குறைத்துக்கொண்டே போனார்.

தைப்லா இரண்டாவது கரண்டி உள்ளே போனதும் அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மூக்கு ஒழுகியது. மேசையில் இருந்த காகிதக் கைக்குட்டை எல்லாம் தீர்ந்து, பக்கத்து மேசையிலிருந்து கடன் வந்தது.

பிரதும் அம்மா பதறிப்போனார். "அழாதிய. பையன் எங்கயும் போயிர மாட்டான். எம் பொண்ணும் இங்கதான கெடக்கா."

அக்கா பேச முடியாமல் தலையை ஆட்டினார். ஆட்ட ஆட்ட இன்னும் கொட்டியது.

"அம்மா, உறைக்குதுன்னு சொல்லித் தொலையும்மா" என்றான் பூம்.

ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீர் காலியானது. விச்சித்தின் கிளாஸும் காலியானது. பிறகு, தான் சொன்ன சாப்பாட்டைப் பற்றி முதன்முதலாக அக்கா ஒரு குறை சொன்னார். "உறைக்குது. நாக்கு எங்க இருக்குன்னே தெரியல."

பிரதும் அம்மா சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "நானும் சொல்லிருதேன். இது தொண்டைக்குள்ள எறங்கவே மாட்டேங்கு. பல்லு மொளைக்காத பிள்ளைக்கு ஊட்டுதது."

பிளாய் முதலில் சிரித்தாள். அப்புறம் பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதுவரை எந்த மேசையிலும் யாரிடமும் கேட்காததைக் கேட்டார். "உண்மையச் சொல்லுங்கக்கா. உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?"

பிரதும் அம்மா வெளியே மரத்தைப் பார்த்தார். "தெரியலையே. எங்க வீட்டுலயும் நாந்தான் எல்லாருக்கும் சொல்லுதது. என்னைய யாரும் கேட்டதில்ல."

அக்காவுக்கு அது நெஞ்சில் தைத்தது. எதிரே உட்கார்ந்திருப்பது தன்னைப் போலவே ஒருத்தி என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம். அதே கேள்விக்குத் தன்னிடமும் பதில் இல்லையே என்பதில் ஒரு துக்கம்.

"ஆமா, உனக்கு என்ன பிடிக்கும்?" என்று விச்சித் வாய் நிறைய முட்டையுடன் மனைவியைக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"பேசாம சாப்பிடுங்க" என்றார் அக்கா. கண்கள் மறுபடி நிறைந்தன. உறைப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

பூமும் பிளாயும் பிரதும் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்லெட்டின் மேல் நொய் செருகிவிட்டுப் போன பொதுக்கரண்டி இருந்தது. வெளியாட்களோடு உட்கார்ந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். சொந்த வீட்டாருக்குள் எச்சில் பார்ப்பதில்லை. பிரதும் அம்மா அந்தக் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார். தன் வாயிலிருந்து அப்போதுதான் வந்த கரண்டியாலேயே ஆம்லெட்டின் நடுவிலிருந்து மெத்தென்று ஒரு துண்டை வெட்டி, சுவன்னி அக்காவின் தட்டில் வைத்தார்.

"நாக்குக்கு எதமா இருக்கும். தின்னுங்க."

சுவன்னி அக்கா மறுபேச்சுப் பேசாமல் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.