வாளிச் சத்தம் கேட்டு ஓடி வந்த நாய்

மொக்கைச்சாமி அண்ணன் ஒரு நாயின் மேல் கொதிநீரை ஊற்றியதை நான் பார்த்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அனுப்பர்பாளையத்தில் என் சித்தப்பா நடத்தும் பனியன் கம்பெனியில் அவர் அயர்ன் மாஸ்டர். உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்த ஒரு வருடம் மனைவி ராக்கம்மாளோடு பஸ் ஏறி வந்தவர். அந்த அக்காவுக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. டேபிளில் பல்லி விழுந்தால்கூட அண்ணன் அதை அட்டையில் ஏந்திப்போய்ச் சுவரில் விட்டுவிட்டுத்தான் அடுத்த பீஸைத் தொடுவார். அதற்காகவே அவரைக் கேலி செய்வார்கள்.

நீராவி அயர்னைக் காலையில் எடுத்ததும் துணியில் வைக்க முடியாது. குழாயில் தேங்கிய தண்ணீர் முதலில் கொதிக்கக் கொதிக்க வரும். பீஸில் பட்டால் கறை. அதை வாளியில் பிடித்துச் சாக்கடையில் கொட்டிவிடுவது வழக்கம். அண்ணன் மட்டும் அதை ஆறவைத்துப் பின்வாசலில் செவலைக்கு வைப்பார். செவலை அங்கேயே திரியும் பெட்டை நாய். வாளியின் கைப்பிடி கிணுங்கினால் எங்கிருந்தாலும் ஓடி வரும்.

வெளிநாடெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பியதிலிருந்து எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. தினமும் கம்பெனிக்குப் போய்விடுவேன். அன்று திங்கட்கிழமை. அயர்ன் செய்து அடுக்கியிருந்த வெள்ளை டீ-ஷர்ட்டுகளின் மேல் செவலை ஞாயிறு முழுக்கப் படுத்திருந்திருக்கிறது. மேனேஜர் மகுடேஸ்வரன் கால்தடம் பதிந்த ஒரு பீஸை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“ஏனுங்க மொக்கைச்சாமி, நீங்க பீஸுக்குக் காவலுங்களா, நாய்க்குக் காவலுங்களா? அதுகூடவே படுத்துக்கங்க, ஊட்டுக்கு எதுக்குப் போறீங்க?”

டெய்லர்கள் சிரித்தார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு ஆவி பறக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். கைப்பிடி கிணுங்கியது. செவலை வாலை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தது. அப்படியே முதுகில் கவிழ்த்துவிட்டார்.

அது கத்திய கத்தல் நாய் கத்துவதுபோல இல்லை. உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அண்ணன் காலி வாளிக்குள் எதையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் ராக்கம்மாள் அக்காவும் செவலையைக் கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றி, ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். தோல் வெந்திருந்தது. மருந்து போட்டார், இந்த வெயிலில் நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் பிழைக்காது என்றார்.

திரும்பும்போது போலீசில் சொல்லப்போவதாகச் சொன்னேன். அக்கா வெளியே பார்த்தபடியே பேசினார்.

“சொல்லு பாப்பா. எங்க வீட்டுக்காரருன்னு பாக்காத. ஆனா திட்டுனவரையும் அந்த ஒடஞ்ச கதவையும் சேத்துச் சொல்லு.”

பீஸ் அடுக்கும் அறைக் கதவின் அடிப்பலகை உடைந்து மாதக்கணக்காகிறதாம். நாய் நுழைகிறது என்று அண்ணன் எத்தனையோ முறை சொல்லியும் மகுடேஸ்வரன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணனிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். 

“அவரத் திருப்பி ஒரு வார்த்த பேச முடியுமா பாப்பா? இது வந்து காலடியில நின்னுச்சு.”

 கொடூரமானவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சித்தப்பாவிடம் அக்கா சொன்னதையும் அண்ணன் சொன்னதையும் அப்படியே சொன்னேன். கதவுதானே, ஆளை வரச் சொல்கிறேன் என்றார். சாயங்காலத்துக்குள் புதுப் பலகை அடித்தாயிற்று. அவ்வளவு சுலபமான வேலை! ஆட்களை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டக்கூடாது என்றதற்குத்தான் முகம் சுளித்தார். “அதுக்கும் நாய்க்கும் என்ன கண்ணு சம்பந்தம்?” என்று கேட்டார். ஆனாலும் மறுநாள் மகுடேஸ்வரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போலீசுக்குப் போகவில்லை. அது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

செவலைதான் தண்ணீர் குடிக்கவில்லை. பின்வாசலில் வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பின்னால் முடங்கிக் கிடந்தது. அண்ணன் வாளியோடு போனால், சத்தத்துக்கே நடுங்கி இன்னும் உள்ளே போனது. வாளியை விட்டுவிட்டு ஒரு மண்சட்டியில் வைத்தார். தன் கையால் வைத்து, அது குடிப்பதைப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. கூப்பிட்டார், கெஞ்சினார். அது தலையைத் தூக்கவில்லை. நாக்கு வறண்டு தொங்கியது.

“நீ நிக்கிற எடத்துல அது எப்பிடிய்யா குடிக்கும்?” என்றார் அக்கா.

அண்ணன் எழுந்தார். உள்ளே போய்ப் பின்கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் தள்ளி நின்றோம். வெகுநேரத்துக்குப் பிறகு மூட்டைகள் அசைந்தன. செவலை கதவைப் பார்த்தபடியே ஊர்ந்து வந்து, சட்டியில் நாக்கை வைத்தது.

“குடிக்குதா?” என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் மெல்லக் கேட்டார்.

அக்கா பதில் சொல்லவில்லை. சத்தம் கேட்டால் அது ஓடிவிடும்.